சிவப்பு நூல் கட்டிய பொட்டலம்

தேன்மொழி,

நலம் என்று ஆரம்பித்தால் நீ நம்பப் போவதில்லை. முந்தாநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு என் கைக்கு வருமுன்பே உன் போனுக்கு வந்துவிட்டது. அதனால் அந்த வரியை இரண்டு பேருமே விட்டுவிடலாம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். உன் அம்மா மூன்று என்று சொல்லியிருப்பாள். உண்மை இரண்டுதான். மாத்திரையை நிறுத்திய பிறகு உள்ளங்கைத் தோல் உரிவதும் நின்றுவிட்டது, பேனா பிடிக்க முடிகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இதைத் தபாலில் போடவில்லை. சங்கராபுரத்திலிருந்து சென்னைக்கு வரும் பஸ்ஸில், எனக்குத் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிளாம்பாக்கத்தில் வந்து வாங்கிக்கொள் என்று மட்டும் போனில் சொல்வேன். ஏன் இந்த அலைச்சல் என்று கேட்காதே. கடைசியில் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். நீ ஆராய்ச்சிக்காக ஜப்பானுக்குப் போகப் போவதில்லை என்று முடிவெடுத்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே உன் அம்மா உளறிவிட்டாள். "ஏங்க, பாப்பா வெளிநாடு போவலியாம். அப்பாவ இப்பிடி வுட்டுட்டு எப்பிடிம்மா போறதுன்னு கேக்குது. மாசக் கடசிக்குள்ள அந்த ஊரு வாத்தியாருக்கு எழுதிடப் போவுதாம். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க" என்றாள். காட்டிக்கொள்ளாமல் மூன்று நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அவளைத் திட்டாதே. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ரகசியம்கூட அவளிடம் ஒரு வாரம் தங்கியதில்லை. இந்த வீட்டில் ரகசியம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதில் இரண்டை இதில் உனக்குச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு, நீ ஏன் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் சொல்கிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எட்டு மாதம் வேலை செய்த மாத்திரை இனி வேலை செய்யாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பிய நாள். என் ஈரலில் இருந்த கட்டி முதலில் சுருங்கியது. உன் அம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். பிறகு, அதே மாத்திரையை நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி வளர்ந்துவிட்டது. ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டவனுக்கு இது என்ன நியாயம் என்று நான் உன்னிடம்தான் எரிந்து விழுந்தேன், என்னவோ மாத்திரையை நீ உருட்டிக் கொடுத்த மாதிரி. நீ கோபித்துக்கொள்ளவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஆரம்பித்தாய்.

"அப்பா, மாத்திர செல்லுங்கள கொல்லத்தான் செஞ்சுது. ஆனா நாலு தப்பிச்சிக்கிச்சி. தப்பிச்சது சும்மா இல்ல. சின்னக் குமிழி மாதிரி ஒண்ண வெளிய வுட்டுக்கினே இருக்குது. அதுக்குள்ள, மருந்துகிட்டருந்து எப்பிடித் தப்பிக்கிறதுன்னு சேதி இருக்குது. பக்கத்துல இருக்கிற செல்லு அத்த உள்ள வாங்கிக்கினு அதுவும் கத்துக்குது. சிலது இன்னும் கேடி. உள்ள வந்த மருந்தயே குமிழில கட்டி வெளிய தள்ளிடுது."

"கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. ஒரு தலமுடி அகலத்துல நூத்துக்கணக்குல வரிசையா நிக்கும்."

"சேதின்னா, எழுதியா இருக்கும்?"

"எழுத்து மாதிரிதான். அத்தப் படிக்கத்தான் அஞ்சு வருசமா ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"அப்ப பொட்டலம்னு சொல்லு."

நீ சிரித்தாய். "பொட்டலந்தான்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அப்ப அந்தப் பொட்டலமே போவாம அடைச்சிட வேண்டிதான?" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "முடியாதுப்பா. நல்ல செல்லும் அதத்தான் அனுப்புது. ஒடம்புல ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதே இப்பிடித்தான். மொத்தமா நிறுத்துனா நல்லதும் நின்னுடும். எது கெட்ட பொட்டலம்னு மேல பாத்தே கண்டுபுடிக்கணும். பொட்டலத்து மேல எதுனா அடையாளம் இருக்கும். அதத்தான் தேடிக்கினு இருக்கோம்." நான் கீழே இருந்த உன் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாப்பா, பயமா இருக்குதா?" என்று கேட்டாய். பசிக்கிறது என்று பொய் சொன்னேன். நீ ஓடிப்போய் பன்னும் டீயும் வாங்கி வந்தாய். அன்று என் முகம் மாறியதற்கு நோய் காரணமில்லை. அடையாளம் என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்தான் காரணம். அந்த மாதிரி ஒரு அடையாளத்தை நான் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

உனக்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் என் வயசில் பாதியைக் கழித்தவன் நான். அந்த பஸ்ஸில் மனிதர்கள் எவ்வளவு ஏறினார்களோ அவ்வளவு பொட்டலமும் ஏறியது. மருந்து, விதை, தைத்த ஜாக்கெட், ஜாதக நகல், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ். கீழே ஒருத்தர் கொடுப்பார், மேலே ஒருத்தர் நின்று வாங்குவார். வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "எறங்குற எடத்துல ஆளு நிக்குமா?" நிற்கும் என்றால் எடுத்துக்கொள்வேன். உள்ளே என்ன என்று கேட்கமாட்டேன், பிரிக்கவும் மாட்டேன். அது எனக்குப் பெரிய பெருமை. மற்ற கண்டக்டர்கள் அமுக்கிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். நான் தொட்டு வைத்தால் வைத்ததுதான். நான் செய்த இரண்டு பெரிய தவறும் இந்தப் பெருமையிலிருந்துதான் வந்தன.

மலையேறுவதற்கு முன்னால் ஒரு டீக்கடை இருந்தது. அந்த ஆள் தினமும் காலை நடையில் ஒரு வெற்றிலைக் கட்டு கொடுப்பார், மேலே ஒரு பெட்டிக்கடைக்கு. வாழைநாரில் கட்டியிருக்கும். சில நாள் மட்டும் சிவப்பு நூலில் கட்டியிருக்கும். நார் கிடைக்கவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. சிவப்பு நூல் வந்த நாளில், நாங்கள் மேலே போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் ரெய்டு ஜீப் ஏறும். சாராயம் காய்ச்சுகிற இடங்களைத் தேடி ஓடைக்குள் எல்லாம் இறங்குவார்கள். ஈரமான சாம்பலும் காலிப் பானையும்தான் இருக்கும், வெறுங்கையோடு திரும்புவார்கள். கீழே ஜீப் கிளம்புகிற சேதி டீக்கடைக்கு எப்படியோ வந்துவிடும். டீக்கடையிலிருந்து மலைக்கு அதைக் கொண்டுபோனது நான். தப்பித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பார்க்கப் பார்க்க, முதலில் பிடிபட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஊறல் பானையை எங்கே புதைப்பது, எப்படி மாற்றுவது என்று தேறிவிட்டார்கள். கடைசியில் ஜீப் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

மலை என்றாலே சாராயம் என்று பேசுகிறவர்கள் உண்டு, நீ அவர்களோடு சேர்ந்துவிடாதே. அங்கே பெரும்பாலோர் மரவள்ளி போட்டு, சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள். காய்ச்சியவர்கள் கொஞ்சம் பேர், அதில் கொழுத்தவர்கள் கீழே இருந்தவர்கள். எனக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. ஒரு டீ கிடைத்தது, எப்போதாவது ஒரு பலாப்பழம் கிடைத்தது. எல்லாவற்றையும்விட, "நம்ம கண்டக்டரு" என்று ஒரு மரியாதை கிடைத்தது. அது போய்விடக் கூடாது என்று, விஷயம் புரிந்த பிறகும் இரண்டு மழைக்காலம் அந்தக் கட்டைக் கொண்டுபோனேன். பொட்டலத்துக்குள் இருப்பது என் வேலையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே வெறும் வெற்றிலைதான் இருந்தது, சேதி வெளியே கட்டியிருந்த நூலில் இருந்தது. அதைப் பார்க்காதவன் போல இருக்க முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

மாணிக்க மாமாவை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கள் டிரைவர், உனக்கு ஹாரன் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வண்டியைத் தொடும்போது ஒரு சொட்டு தொடமாட்டார். வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை அதுதான். நீ பத்தாவது படிக்கும்போது அவர் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பேச்சுக் குழறிச் செத்துப்போனார். வீட்டுக்கு வந்து நீ என்னிடம் கேட்டாய்: "ஏம்பா மாமாவுக்கு வயிறு அப்பிடி ஆச்சு?" ஈரல் கெட்டுப்போச்சு என்றேன். "ஈரலு இன்னாப்பா செய்யும்?" என்றாய். எனக்குத் தெரியாது என்றேன். நீ பள்ளிக்கூடத்து மேடத்தைக் கேட்டு, புத்தகத்தில் தேடி, ஒரு வாரம் கழித்து வந்து எனக்கே பாடம் நடத்தினாய். அந்தக் கேள்விதான் உன்னை இன்றைக்கு இருக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று உன் அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ. அவர் குடித்தது எந்தப் பானையில் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கையால் தப்பித்த பானையில் ஒன்றுகூட அவர் வயிற்றுக்குப் போகவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மாணிக்கத்தின் காரியம் முடிந்த மறுநாள் டீக்கடைக்காரர் வழக்கம்போலக் கட்டை நீட்டினார். "நாரு கட்டிக் குடு, எடுத்துக்கினு போறேன். நூலு கட்டுனா தொட மாட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். "வெத்தலக் கட்டுல இன்னா நாரு, இன்னா நூலு கண்டக்டரே?" என்றார். அன்றோடு கட்டு வருவது நின்றது, டீயும் நின்றது. சேதி வேறு வழியில் போயிருக்கும், அது எனக்குத் தெரியும். மாணிக்கம் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. இதுதான் முதல் ரகசியம்.

இரண்டாவது என் உடம்பைப் பற்றியது. நீ மூன்றாவது படிக்கும்போது சங்கராபுரத்தில் ரத்ததான முகாம் போட்டார்கள், நானும் கொடுத்தேன். இரண்டு மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு கவர் வந்தது. நன்றிக் கடிதமாக இருக்கும் என்று பிரிக்காமல் தோல் பைக்குள் செருகினேன். டிக்கெட் புத்தகத்தோடு சேர்ந்து அது நாலு மாதம் மலை ஏறி இறங்கியது. பிறகு எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கலாம், உப்பில்லாத கஞ்சியை நான் குடிக்க மறுத்து உன் அம்மாவோடு சண்டை போட்டது. படுத்திருந்தபோது பையைக் குடைந்து அந்தக் கவரைப் பிரித்தேன். என் ரத்தத்தில் காமாலைக் கிருமி, பி வகை, இருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்கள் என்று போட்டிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காமாலை வரப் போவதை முன்கூட்டியே எழுதியிருக்கிறார்கள், அது வந்துவிட்டது, கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறோம், போய்விடும் என்று நினைத்தேன். கண் வெளுத்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கீழாநெல்லி கொடுத்த வைத்தியப் பெரியவர் மேல் குற்றமில்லை, அவர் மஞ்சளைப் பார்த்தார், மஞ்சள் போனது. கிருமி போகவில்லை. டிக்கெட் வாங்காமல் கடைசி சீட்டில் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறது, கண்டக்டர் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத எனக்கு ஈரலில் கட்டி என்றதும், ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். உன் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் வைத்தே ஒருத்தர், "கண்டக்டரு கமுக்கமா ஊத்திக்கினு இருந்திருப்பாரு" என்றார். நீ இலையிலிருந்து எழுந்து வந்து அவரிடம், "எங்கப்பா குடிக்க மாட்டாருங்க. இது கிருமியால வர்றது. நீங்களும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்க" என்று சொன்னாய். அவர் சாம்பார் கேட்கவே மறந்துவிட்டார். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு வெட்கம். கிருமி இருப்பது எனக்கு எப்போதோ தெரியும் என்று உன்னிடம் சொல்லாமல், உன்னைப் பேச விட்டு நான் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவுக்குப் பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்த நாளில் நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். நீ வேலைக்காகத் தடுப்பூசி போட்டிருந்தாய் என்று கேட்டபோது, அந்த ஊசியைப் போட்ட கை யாருடையதோ, அது நல்லா இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இந்த ரகசியத்தால்தான் முதல் தடவை ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன். உங்கள் ஆராய்ச்சிக்கு, மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒரு குழாயும், மாத்திரை தோற்றுப்போனால் இன்னொரு குழாயும் வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா கேட்டார். கூடவே ஒரு படிவம்: காமாலை வந்ததா, கிருமி இருப்பது எப்போது தெரியும். பெண் படிக்கிற இடத்துக்குப் போகிற காகிதத்தில் அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அடுத்த தடவை கையெழுத்துப் போட்டேன், ஆனால் இப்போதுதான் தெரியும் என்று பொய் எழுதினேன். போன வாரம், மாத்திரைக்குப் பதிலாக இப்போது போடுகிற ஊசிக்குப் போனபோது அதைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். நர்ஸம்மா திட்டவில்லை. "நீங்க மட்டும் இல்லீங்க, நெறைய பேரு இப்பிடித்தான் வந்து மாத்திட்டுப் போறாங்க" என்றார். அதனால் திருத்தம் வந்த படிவத்தை வைத்து என் குழாய் எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று பார்க்காதே. குழாயில் பேர் இல்லை, எண் மட்டும்தான், யாருடையது என்று உனக்கே தெரியக்கூடாதாமே. நல்ல ஏற்பாடு. எனக்கு அந்த எண் தெரியும். எண்ணைப் பார்த்தால் கண்டக்டருக்கு மறக்காது. சொல்ல மாட்டேன்.

முதல் ரத்தம் எடுத்த அன்று நீ என்னிடம் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. "அப்பா, உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இதுல எது கண்டுபுடிச்சாலும் அது மருந்தாவ இன்னும் வருசக்கணக்குல ஆவும். உனக்கு ஒதவாதுப்பா. அப்பறமா வர்றவங்களுக்கு ஒதவலாம், ஒதவாமலும் போவலாம்" என்றாய். சொல்லும்போது என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாய், பித்தான் கையோடு வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று சொன்னபோது, என்னைப் பெரிய மனுஷனாக மதித்து உண்மையைச் சொன்னவள் நீ. பிரிக்காமல் வைத்துக்கொள்வதுதான் நேர்மை என்று வாழ்ந்துவிட்டேன். பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது பிடிக்காவிட்டாலும் அப்படியே சொல்வதும் நேர்மைதான் என்று உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த வயசில் அது கிடைத்ததற்கு நான் கொடுத்து வைத்தவன்.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. உனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ்ஸில் வந்தாய், மாணிக்க மாமா பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாய். கள்ளக்குறிச்சி மருந்துக்கடையில் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள், வலிப்பு வருகிற ஒரு சின்னப் பெண்ணுக்கு மாத்திரை. வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு வளைவில் அவளுடைய அப்பா நின்று வாங்குவார் என்றார்கள். வளைவு வந்தது, ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் பொட்டலம் கீழே திரும்பும், அதுதான் என் சட்டம். இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. "அப்பா, அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கி மாத்திர?" என்று கத்தினாய். ஆள் வரவில்லை என்றால் நான் என்ன செய்வது என்றேன். "நாம எறங்கிக் குடுக்கலாம்ல?" என்றாய். மாணிக்கம் என்னைக் கேட்கவே இல்லை, பிரேக்கைப் போட்டார். "பாப்பா சொல்லுது, நில்லுய்யா" என்றார். நீ பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குள் ஓடினாய். அவர் ஹாரனை அழுத்தியபடி இருந்தார். ஏறியிருந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், பிள்ளையைத் தனியாக விட்டு வர முடியவில்லையாம். உன் கை நிறைய நெல்லிக்காய் கொடுத்தனுப்பினார். நான் உன்னைத் திட்டினேன், வண்டி கால் மணி நேரம் தாமதம் என்று. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். நீ செய்ததுதான் சரி. நன்றிம்மா.

இங்கே என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதானே உன் கவலை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் வர எனக்கா தெரியாது. உன் அம்மா கூட வருகிறாள். ஜன்னல் சீட் கொடுத்தால் அவள் எங்கே வேண்டுமானாலும் வருவாள். உளுந்தூர்பேட்டையில் இறங்கி டீ குடிக்கிறோம், கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து போனதில்லை. ஊசி வேலை செய்கிறதா என்று டாக்டரம்மாவுக்கும் இன்னும் தெரியவில்லை. உன்னிடம் நானும் பொய் சொல்லக்கூடாது. நீ திரும்பி வரும்போது நான் இல்லாமல் போகலாம். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ இங்கே என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கேன்சல் செய்த டிக்கெட்டை நினைத்துக்கொண்டு என் காலைப் பிடித்துவிடுவதைப் பார்க்க வேண்டியிருந்தால், அது இதைவிட பயமாக இருக்கும். போகிற இடத்தில் பச்சை மீனைக் கொடுத்தால் சாப்பிட்டுப் பார், பிடிக்காவிட்டால் அம்மா கட்டிக்கொடுக்கிற பருப்புப் பொடி இருக்கிறது. வேலையில் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, என்னை மாதிரி பையில் போட்டு வைக்காதே. கெட்ட பொட்டலத்துக்குப் பயந்து பஸ்ஸே ஓட வேண்டாம் என்கிறவர்களை நம்பாதே. அந்த பஸ்ஸில்தான் வலிப்பு மாத்திரையும் போகிறது. நூலைத் தேடு.

இப்போது, ஏன் கிளாம்பாக்கம் வரைக்கும் வரச் சொன்னேன் என்று சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ சந்தோஷமாகப் போன் செய்தாய். "அப்பா, அனுமதியெல்லாம் கெடச்சி கொழாயெல்லாம் ஐஸ் பெட்டியில ஏறிடுச்சி. பத்திரமா ஜப்பான் போய்ச் சேந்துடுச்சாம். நான் போனப்பறந்தான் பிரிப்பாங்க" என்றாய். பாண்டிச்சேரியைத் தாண்டாத உன் அப்பா அப்படியாக விமானம் ஏறி, கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு குழாய்: மாத்திரை தொடங்கும் முன் ஒன்று, அது தோற்ற பிறகு ஒன்று. என்னோடு இன்னும் எத்தனையோ பேர், எந்த ஊரோ, யார் பெற்றவர்களோ, பேர் இல்லாமல் எண்ணோடு அந்தக் குளிரில் நிற்கிறார்கள். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டது, இறங்குகிற இடத்தில் ஒரு ஆள் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான். இந்தக் கடிதத்தை வாங்க நீ கிளாம்பாக்கத்தில் வந்து நின்றாய் அல்லவா, எந்த பஸ், எந்த வாசல் என்று விசாரித்துக்கொண்டு. அதே மாதிரி அங்கேயும் போய் நில். நான் முன்னாடியே வந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா